பறவைக் கூடு: தேர்வு செய்வது முதல் கிண்ணத்தில் பரிமாறுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் வீடுகளுக்கு, சமைத்து உண்ணும் பறவைக் கூடு பெரும்பாலும் அன்பளிப்பாகவே வந்து சேர்கிறது. சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் கொடுத்த சிவப்புப் பெட்டியாக, பிள்ளை பெற்ற மகளைப் பார்க்க வந்த அலுவலகத் தோழி வைத்துவிட்டுப் போன புட்டிகளாக, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தந்தைக்கு நண்பர் அனுப்பிய கண்ணாடிச் சாடியாக, ஏதோ ஒரு வழியில் அது சமையலறை அலமாரியில் இடம்பிடித்துவிடுகிறது. விலை உயர்ந்த பொருள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதை என்ன செய்வது என்பது தெரியாததால் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டு, ஓரிரண்டு ஆண்டுகள் கழித்துப் பூசணம் பிடித்த நிலையில் குப்பைக்குப் போகிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி போயிற்று. கரும்பச்சைப் புள்ளிகள் படர்ந்திருந்த அந்த ஆறு கூடுகளையும் எறிந்த நாளில்தான் இதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டின் நிறத்தையோ பெட்டியின் அழகையோ நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் பலவும் இந்த ஒன்றையே சுற்றி வருகின்றன.

வாங்குவதற்கு முன்: இது என்ன பொருள்?

இக்கூட்டைக் கட்டுவது உழவாரன் இனத்தைச் சேர்ந்த சிறு பறவை. சீன மொழியில் இதற்கு வழங்கும் 'யென் வோ' என்ற பெயரில் உள்ள 'யென்' தகைவிலான் குருவியைக் குறிக்கும் சொல் என்பதால், தகைவிலானின் கூடு என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்வைக்கு ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். தகைவிலான் சேற்றைக் குழைத்துக் கூடு கட்டும். இந்த உழவாரனோ தன் உமிழ்நீராலேயே கட்டும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் நாக்கின் அடியில் உள்ள சுரப்பிகள் பெருத்துக்கொள்கின்றன. அவற்றிலிருந்து வரும் பிசுபிசுப்பான உமிழ்நீரை, பெரும்பாலும் ஆண் பறவை, சுவரில் இழை இழையாகத் தடவிக்கொண்டே போகிறது; காற்றுப் பட்டதும் இழைகள் இறுகிவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை உழைத்தபின் அரைநிலா வடிவில் ஒரு கிண்ணம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் எடை பெரும்பாலும் 6 முதல் 10 கிராம். இருட்டுக் குகைக்குள் இப்பறவை நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு வழி அறிந்து பறக்கிறது.

சந்தைக்கு வருபவை இரண்டு இனங்களின் கூடுகள். முழுக்க உமிழ்நீராலேயே ஆன வெண்கூடு ஒன்று. உமிழ்நீரோடு பறவையின் இறகுகளும் நிறையக் கலந்த கருங்கூடு மற்றொன்று. கருங்கூட்டில் இறகை நீக்கியபின் மிஞ்சுவது குறைவு. நீக்கும் உழைப்போ மிக அதிகம். வீட்டுச் சமையலுக்கு வெண்கூடே ஏற்றது.

சைவ உணவு உண்போர் இது மாமிசமா என்று கேட்பதுண்டு. பறவையைக் கொன்று எடுப்பதில்லை என்றாலும், இது பறவையின் உடலிலிருந்து வரும் பொருள். எவ்வளவு துப்புரவு செய்தாலும் நுண்ணிய இறகுத் துணுக்கு ஒன்றிரண்டு இருக்கக்கூடும். பாலையும் தேனையும் போல இதை ஏற்பதா, விடுவதா என்பது அவரவர் நெறியைப் பொறுத்தது. ஆனால் விருந்தினருக்குக் கொடுக்கும்போது இன்னதென்று சொல்லிவிட்டுக் கொடுப்பதே முறை.

உலர்ந்த கூட்டில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி புரதம், கால்வாசி அளவு மாவுச்சத்து வகை. அந்த மாவுச்சத்தில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப்பொருள் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். 1987இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் இக்கூட்டின் சாற்றில் உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் காரணிக்கு ஒப்பான செயல் இருப்பதாக வெளியிட்டார்கள். அன்றிலிருந்து சருமப் பொலிவு, நுரையீரல் வலிமை என்று விளம்பரங்கள் பெருகிவிட்டன. ஆய்வகத் தட்டில் உயிரணுக்கள் காட்டும் மாற்றமும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தபின் மனித உடலில் நிகழ்வதும் ஒன்றல்ல. ஒரு வேளைக்கு நாம் பயன்படுத்தும் 5 கிராம் உலர் கூட்டில் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 3 கிராம்; ஒரு கோழி முட்டையில் 6 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஆகவே நோயாளிக்குச் சத்து ஊட்ட வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கியாவது இதை வாங்க நினைப்பவரை நான் தடுத்துவிடுவேன். அதன் மென்மைக்காகவும், வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த இழைகளின் இதத்துக்காகவும், கொடுத்தவரின் அன்புக்காகவும் உண்பதாக இருந்தால், இதற்கு ஈடான இனிப்பு வேறு இல்லை என்றும் சொல்வேன்.

குகைக் கூடா, வீட்டுக் கூடா?

சாபாவின் கோமந்தோங் குகைகளிலும் சரவாக்கின் நியா குகையிலும் பிரம்பு ஏணிகளிலும் கயிறுகளிலும் தொங்கியபடி, உயிரைப் பணயம் வைத்துக் கூடு எடுக்கும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. தாய்லாந்தின் தீவுக் குகைகளிலும் வியட்நாமின் கான் ஹோவா மாநிலத் தீவுகளிலும் இதே தொழில் உண்டு. ஆனால் இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி வீட்டுக் கூடுகளே. சன்னல் இல்லாத உயரமான கட்டடம் கட்டி, பறவைகள் நுழைய மேலே ஒரு திறப்பு விட்டு, ஒலிபெருக்கியில் உழவாரனின் குரலை ஒலிக்கச் செய்து அவற்றை வரவழைக்கிறார்கள். பறவைகள் பகலில் வெளியே பறந்து பூச்சி பிடித்துத் தின்றுவிட்டு அந்தியில் தாமாகவே திரும்பிவருகின்றன. உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்யும் நாடு இந்தோனேசியா. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகியவையும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன. மலேசியச் சிறு நகரங்களின் கடைவீதிகளில் அந்திப்பொழுதில் காதைத் துளைக்கும் கீச்சொலி கேட்டால், மேல்மாடியில் பறவை வீடு இருக்கிறது என்று பொருள். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு, பழைய கடைவீடுகளுக்குள் இயங்கிவந்த பறவை வீடுகளை வெளியேற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

குகைக் கூடு பாறையின் தாதுக்களை உறிஞ்சிக்கொண்டு தடித்து, கடினமாக இருக்கும். மண்ணும் மணலும் கலந்திருக்கும். ஊறவும் வேகவும் நெடுநேரம் ஆகும். வீட்டுக் கூடு துப்புரவானது, விரைவில் ஊறுவது. குகைக் கூட்டுக்குச் சத்து அதிகம் என்று கடைக்காரர் சொல்லும் பேச்சுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் சற்றே மொறுமொறுப்பான கடி பிடித்திருந்தால் மட்டும் வாங்கலாம்.

இன்னொரு கேள்வியையும் விற்பவரிடம் கேட்க வேண்டும்: குஞ்சுகள் பறந்து போனபின் எடுத்த கூடுகளா இவை? முட்டையோடும் குஞ்சோடும் இருக்கும் கூட்டைப் பறித்தால் அந்தக் குடும்பம் அழிகிறது. அந்தமான் நிகோபார் தீவுகளில் இப்படிக் கண்மூடித்தனமாகப் பறித்ததால்தான் இப்பறவைகள் பெருமளவில் குறைந்துபோயின. கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் பல ஆண்டுகள் அங்குள்ள குகைகளை ஆராய்ந்து, உள்ளூர் மக்களையே காவலர்களாக்கிக் கூடுகளைக் காக்கும் முயற்சியைத் தொடங்கிவைத்தார். நல்ல பறவை வீட்டு உரிமையாளர் இக்கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்வார். அடுத்த ஆண்டும் பறவைகள் வந்தால்தான் அவருக்கும் பிழைப்பு.

முதல் படி: வடிவத்தை முடிவு செய்தல்

கடையில் ஒரே கூடு பல வடிவங்களில் பல விலைகளில் இருக்கும். முழுக் கிண்ணமாக உடையாமல் இருப்பதே விலையில் உச்சம். சுவரின் மூலையில் கட்டப்பட்டு முக்கோணமாக இருப்பது மூலைக் கூடு. அது சற்றுத் தடித்திருக்கும். கிண்ணத்திலிருந்து உடைந்த நீள இழைகள் தனியாகவும், தூள் துணுக்குகள் தனியாகவும் விற்கப்படும். துப்புரவு செய்யும்போது உதிர்ந்த இழைகளை அச்சில் அழுத்தி உலர்த்திய வட்ட வில்லைகளும் உண்டு. அன்பளிப்புக்கு முழுக் கிண்ணம் வாங்குவது மரியாதை. வீட்டில் சமைத்து உண்ண உடைந்த நீள இழைகளே போதும். ஊறியபின் எப்படியும் பிரித்துத்தான் போடப் போகிறோம். வில்லைகளை நான் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் எதை வேண்டுமானாலும் சேர்த்து ஒட்டுவதற்கு அவற்றில்தான் வழி அதிகம்.

இறகோடு கூடிய துப்புரவு செய்யாத கூடு மலிவாகத் தோன்றும். இறகும் அழுக்கும் போனபின் மிஞ்சும் எடையைக் கணக்கிட்டால் அந்த மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு முழு மாலைப்பொழுதும் கூடவே போகும்.

இரண்டாம் படி: கண், மூக்கு, விரல்

நல்ல வெண்கூடு உண்மையில் வெள்ளை வெளேரென்று இருப்பதில்லை. தந்த நிறமாகவோ வெளிர்மஞ்சளாகவோ, இடத்துக்கு இடம் சற்றே மாறியும் இருக்கும். காகிதம் போன்ற வெண்மை, பெட்டியில் உள்ள எல்லாக் கூடுகளிலும் ஒரே சீராகத் தெரிந்தால், வெளுப்பான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். விளக்குக்கு நேரே பிடித்தால் பாதி ஒளியை மட்டுமே ஊடுருவ விடும். கண்ணாடி போலப் பளபளத்தால் மேலே ஏதோ பசை பூசப்பட்டிருக்கிறது. எடையைக் கூட்டுவதற்காக முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரைப் பாகு, மரப்பிசின், கடற்பாசிக் கூழ் போன்றவற்றைப் பூசுவது இத்தொழிலில் நெடுங்காலமாக உள்ள கலப்படம்.

அருகே பார்த்தால் இழைகளுக்கு இடையே சிறு சிறு இடைவெளிகள் தெரிய வேண்டும். கிண்ணத்தின் உட்புறம் தேங்காய்ப்பூ போல நெகிழ்வாகவும், இரு முனைகளிலும் சுவரைப் பற்றியிருந்த பகுதி கெட்டியாகவும் இருக்கும். ஓரிரண்டு மிக மெல்லிய இறகுகள் ஒட்டியிருந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். உண்மையான கூடு என்பதற்கு அதுவே ஒரு சான்று. மூக்கில் முட்டை வெள்ளைக்கருவின் மெல்லிய வாடை வர வேண்டும். காரமான வேதிப்பொருள் நெடியோ, வாசனைத் திரவிய மணமோ, எண்ணெய்ச் சிக்கு வாடையோ வந்தால் கீழே வைத்துவிடலாம். முனையை விரலால் அழுத்தினால் நன்கு உலர்ந்த கூடு நொறுங்கும். வளைந்து கொடுத்தால் அதில் ஈரம் இருக்கிறது. நல்ல கூட்டில் ஈரப்பதம் 15 விழுக்காட்டைத் தாண்டாது. ஈரக் கூட்டை வாங்கினால் தண்ணீரையும் அந்த விலைக்கே வாங்குகிறோம், அதோடு பூசணத்தையும் வீட்டுக்கு அழைத்து வருகிறோம்.

மூன்றாம் படி: தண்ணீர்ச் சோதனை

ஒரே கூட்டையோ சில கிராம் இழைகளையோ மட்டும் முதலில் வாங்கி வாருங்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் குடிநீர் ஊற்றி, அறை வெப்பநிலையிலேயே அதைப் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரங்கள் தளர்ந்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் கெட்டியாக இருந்த கிண்ணம் மெத்தென்று விரிந்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இழைகள் மழைநீரில் நனைந்த பட்டு நூல் போல ஒவ்வொன்றாகத் தனித்துத் தெரியும். ஓர் இழையை எடுத்து இரு விரல்களுக்கிடையே மெல்ல இழுத்தால் சற்று நீண்டு கொடுத்து, பிறகே அறும். கசக்கினால் கரையாது. கலங்கலாகச் சிறிது தூசு இறங்கியிருந்தாலும் தண்ணீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

தண்ணீர் பால் போல வெளுத்துக் குழகுழத்தால் மேற்பூச்சு கரைந்திருக்கிறது. இழைகள் கூழாகிப்போனால் அது பிசினோ கடற்பாசியோதான். மஞ்சளோ சிவப்போ இறங்கினால் சாயம். ஊறியபின் எடையையும் பார்த்துவிடுங்கள்: வீட்டுக் கூடு உலர்ந்த எடையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் பெருகும். இந்தச் சோதனையில் தேறிய கடையிலேயே, அதே தொகுதியிலிருந்து மீதியை வாங்கிக்கொள்ளலாம். சின்னத் துண்டு ஒன்றைத் தீயில் காட்டிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. புரதம் என்பதால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும். ஆனால் முட்டை வெள்ளைக்கரு பூசியதும் அதே நாற்றத்தையே தரும் என்பதால், தண்ணீரைத்தான் நான் நம்புகிறேன்.

சிவப்புக் கூட்டைப் பற்றித் தனியாக

சிவப்புக் கூடு என்பது பறவை இரத்தத்தைக் கக்கிக் கட்டியது என்ற கதை இன்னும் கடைகளில் சொல்லப்படுகிறது, அந்தக் கதைக்கென்றே விலையும் ஏற்றப்படுகிறது. அதில் சிறிதும் உண்மை இல்லை. குகைத் தரையிலும் பறவை வீட்டுத் தரையிலும் குவியும் எச்சம் நொதிக்கும்போது எழும் நைட்ரஜன் சேர்மங்கள் கூட்டின் புரதத்தோடு வினைபுரிவதாலேயே வெண்கூடு சிவப்பாக மாறுகிறது என்பதை ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் செய்தே காட்டியிருக்கிறார்கள். எச்சத்தின் ஆவியில் வெண்கூடுகளை வைத்தே சிவக்கச் செய்துவிட முடியும் என்றால், அந்த நிறத்துக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்?

2011இல் சீனாவின் செஜியாங் மாநிலத்தில் விற்ற சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் (அளவு மீறினால் கெடுதல் செய்யும் உப்பு) மிக அதிக அளவில் இருப்பது தெரியவந்தது. அதைத் தொடர்ந்து சீனா இறக்குமதியை நிறுத்தியதால் மலேசியப் பறவை வீட்டுக்காரர்கள் பெரும் இழப்புக்கு ஆளானார்கள். பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரைட் இருக்கக் கூடாது என்ற வரம்பும், எந்தப் பறவை வீட்டிலிருந்து எந்த ஆலைக்குப் போயிற்று என்று தடம் அறியும் முறையும் வந்தன. மலேசியாவில் பறவைக் கூட்டுக்கென்றே எம்எஸ் 2334 என்ற தர அளவீடு 2011இல் வெளியிடப்பட்டது. நைட்ரைட் தண்ணீரில் கரையக்கூடியது. ஆதலால் எந்தக் கூடாக இருந்தாலும் ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சிவப்புக் கூட்டை நான் வாங்குவதில்லை; அன்பளிப்பாக வந்தாலும் சமைப்பதில்லை.

நான்காம் படி: எடையும் சீட்டும்

மலேசிய, சிங்கப்பூர்ச் சீன மருந்துக் கடைகளில் இன்றும் தாஹில் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு தாஹில் 37.8 கிராம்; 16 தாஹில் சேர்ந்தது 'கட்டி' என்ற எடையளவு. சீனப் பெருநிலத்தில் இதற்கு இணையாக வழங்கும் அளவு 50 கிராம். எனவே இரு நாட்டு விலைகளை ஒப்பிடும்போது கிராமுக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்த்தால் மட்டுமே உண்மை தெரியும். பெட்டியோடு சேர்த்து எடை போடாமல், உங்கள் கண்ணெதிரே கூட்டை மட்டும் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

புட்டியில் வருபவற்றில் கணக்கு இன்னும் நுட்பமானது. 70 மில்லிலிட்டர் புட்டியில் கூடு ஒரு விழுக்காடு என்று எழுதியிருந்தால், அதில் இருப்பது ஏறத்தாழ 0.7 கிராம். அதுவும் உலர்ந்த எடையா, ஊறிய எடையா என்று பார்க்க வேண்டும். ஊறிய எடையாக இருந்தால் உலர்ந்த கூடு இன்னும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உட்பொருள் பட்டியலில் கெட்டிப்படுத்தும் பசைப்பொருள்களின் பெயர் இருந்தால், புட்டியில் மிதக்கும் தடித்த கூழ் அத்தனையும் பறவை தந்ததல்ல. சர்க்கரையின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

பயணத்தின்போது எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் போகும் நாட்டின் சுங்க விதியை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். சீனாவுக்குள் பயணிகள் தம் பெட்டியில் உலர்ந்த கூட்டைக் கொண்டு செல்லத் தடை உண்டு. தகர டப்பாவில் அடைத்துப் பதப்படுத்தியதற்கு மட்டுமே விலக்கு.

ஐந்தாம் படி: பாதுகாத்தல்

எங்கள் பெட்டி கெட்டதற்குக் காரணம் எளிமையானது. அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில், தினமும் சோற்று ஆவி ஏறும் இடத்தில் அதை வைத்திருந்தோம். பெட்டியின் கண்ணாடி மூடி பார்க்கத்தான் அழகு, காற்றைத் தடுக்கவில்லை.

வாங்கி வந்ததும் அலங்காரப் பெட்டியிலிருந்து கூடுகளை எடுத்துவிடுங்கள். கை படாமல், உலர்ந்த கரண்டியாலோ இடுக்கியாலோ எடுத்து, உள்ளே சமையலறைத் தாள் விரித்த காற்றுப்புகாத கண்ணாடிச் சாடியில் அடுக்கி, வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். ஓரிரு மாதங்களுக்குள் சமைப்பதாக இருந்தால் வெளிச்சமும் ஆவியும் படாத உலர்ந்த அலமாரி போதும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அதைவிட நீண்ட காலத்துக்குக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டே நல்லது. ஆனால் மீன், பூண்டு வாடை ஏறாதபடி இரட்டை மூடி வேண்டும். குளிர்ந்த சாடியை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். வெளியே சற்று நேரம் வைத்து அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால், உள்ளே நீர்த்துளி படியாது.

கூடு சற்றே நமுத்துப்போயிருந்தால் மின்விசிறிக் காற்றிலோ குளிரூட்டிய அறையிலோ மெல்லிய துணி விரித்து உலர்த்தலாம். வெயிலில் போட்டால் உடைந்து நொறுங்கும், நிறமும் மாறும். பூசணத்தைப் பொறுத்தவரை, பச்சை, கருப்பு என எந்தப் புள்ளி தெரிந்தாலும் அந்தக் கூட்டைத் துடைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். விலையை நினைத்து மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனாலும் எறிந்துவிட வேண்டும்.

ஆறாம் படி: ஊறவைத்துத் துப்புரவு செய்தல்

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் உலர் கூடு போதும். நிறையத் தண்ணீரில், வீட்டுக் கூட்டை 2 முதல் 4 மணி நேரமும், குகைக் கூட்டை 8 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஊறவிடுங்கள். 4 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து ஊறவிடுவதே பாதுகாப்பு. நடுவே ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

ஊறியபின் செய்யும் வேலைக்குப் பொறுமையும் நல்ல வெளிச்சமும் ஒரு சாமணமும் தேவை. வெள்ளைத் தட்டில் கொஞ்சமாக எடுத்துப் பரப்பி, சில துளி தண்ணீர் விட்டு, இழைகளை அவற்றின் போக்கிலேயே விரல்நுனியால் பிரித்துவிடுங்கள். முதல் பார்வையில் ஒன்றும் இல்லாதது போல இருக்கும். தட்டைச் சற்றுச் சாய்த்தால், கண்ணிமை மயிரில் பாதிகூட இல்லாத சாம்பல் நிற இறகொன்று இழைக்குள் பின்னிக் கிடப்பது தெரியும். அதன் அடிக்காம்பைப் பிடித்து இழுத்தால் இழை அறுபடாமல் இறகு மட்டும் வரும். நுனியைப் பிடித்தால் இழையும் கூடவே வந்துவிடும். துப்புரவு செய்த கூட்டில் இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்திருந்து செய்யும் வேலை இது; கூட்டின் விலையில் பெரும் பங்கு அவர்கள் கண்பார்வைக்கான கூலி என்பதை, ஒரு முறை நாமே செய்து பார்த்தால் உணரலாம்.

பிறகு மென்துளை வடிகட்டியில் இட்டு மெதுவாக இரண்டு முறை அலசுங்கள். கெட்டியான முனைகளை இன்னும் சிறிது நேரம் ஊறவிட்டு, முதலில் வேகப் போடுவது நல்லது.

ஏழாம் படி: வேகவைத்தல்

நேரடியாக அடுப்பில் கொதிக்கவிட்டால் இழைகள் கரைந்துவிடும். மூடியுள்ள சிறு பீங்கான் சாடியில் கூட்டை இட்டு, அது மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும் அளவு தண்ணீர் ஊற்றி, அந்தச் சாடியைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து மூடி, சிறு தீயில் வேகவிட வேண்டும். வெளிநீர் சாடியின் பாதி உயரத்துக்கு இருந்தால் போதும். அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டால் சாடி ஆடாது.

வீட்டுக் கூட்டின் இழைகளுக்கு 20 முதல் 30 நிமிடமும், தடித்த முனைகளுக்கு 40 நிமிடமும், குகைக் கூட்டுக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். மூடியைத் திறந்தால் முட்டை வெள்ளைக்கரு வாடையோடு மேலே சிறு நுரை கட்டியிருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் இழைகள் கண்ணாடி போலத் தெளிந்து, ஆனால் உருவம் குலையாமல், கரண்டி விளிம்பில் தொங்க வேண்டும். அந்த நிலையில் இறக்காமல் விட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் வெறும் கொழகொழத்த நீர்தான் மிஞ்சும்.

கற்கண்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் இழைகள் தண்ணீரை உள்வாங்கி மென்மையாவது தடைபடும். சீனச் சிவப்புப் பேரீச்சை, கோஜிப் பழம் போன்றவற்றைத் தனியே வேகவைத்து, பரிமாறும்போது கலப்பதே என் வழக்கம். சேர்த்து வேகவைத்தால் அவற்றின் மணமே மேலோங்கி, கூட்டின் மெல்லிய சுவை தெரியாமல் போய்விடும். முடிச்சுப் போட்ட ஒரு பாண்டான் இலை மட்டும் சாடிக்குள் போகலாம். முட்டை வாடை பிடிக்காதவர்களுக்கு அது உதவும்.

எட்டாம் படி: உண்பதும், யார் உண்ணக் கூடாது என்பதும்

காலையில் வெறும் வயிற்றில் உண்ண வேண்டும், இரவில் படுக்கும் முன் உண்ண வேண்டும் என்று இரு விதமாகவும் சொல்வார்கள். எந்த நேரமும் உங்கள் விருப்பமே. சூடாக உண்டால் இழை மிக மென்மையாக இருக்கும், குளிரவைத்தால் சற்று இறுகி நன்றாகக் கடிபடும்.

ஆனால் ஒவ்வாமையைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு உணவால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை ஆராய்ந்து 1999இல் வெளியான மருத்துவ ஆய்வில், நிலக்கடலையையும் கடலுணவையும் விட முன்னே நின்றது பறவைக் கூடுதான். குழந்தை வெள்ளையாக, நோயின்றி வளரட்டும் என்று பாட்டிமார் அன்போடு ஊட்டும் அந்த முதல் கரண்டிதான் சில வீடுகளில் மூச்சுத்திணறலில் முடிந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கும், முட்டை ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள். உடல்நலமுள்ள பெரியவரும் முதல் முறை ஒரு தேக்கரண்டி மட்டும் உண்டு, சில மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். உதடு தடித்தல், உடலெங்கும் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கற்கண்டு இல்லாமலே உண்ணலாம். புட்டியில் வரும் இனிப்பு வகை அவர்களுக்கு ஏற்றதல்ல.

மீந்ததை வைத்திருப்பது

வெந்த கூட்டை ஆறியதும் சுடுநீரில் கழுவி உலர்த்திய சிறு சாடிகளில், ஒரு வேளைக்கு ஒன்று என்ற கணக்கில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். பெரிய சாடியில் வைத்து அவ்வப்போது கரண்டி விட்டு எடுத்தால் விரைவில் நீர்த்துப் புளித்துவிடும். நிறைய ஊறவைத்துவிட்டீர்கள் என்றால், வேகவைக்காமல் தண்ணீரை நன்றாக வடித்து, ஒரு வேளைக்கான சிறு பொட்டலங்களாக உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் எடுத்து, உறைந்த நிலையிலேயே சாடியில் இட்டு வேகவைக்கலாம். சாடியின் அடியில் எஞ்சும் உலர்ந்த தூளையும் எறிய வேண்டியதில்லை. அதற்கு ஒரு மணி நேர ஊறலும் பத்து நிமிட வேக்காடும் போதும். அடுப்பிலிருந்து இறக்கப்போகும் அரிசிக் கஞ்சியில் கலந்தால், கஞ்சிக்குக் கூடுதலாக ஒரு வழவழப்பு வந்துவிடும்.